ஊர் நூலகத்துக்கு ஆண்டுதோறும் பணம் வர வழி: கொங்கு வட்டார நூலகக் குழுக்களுக்கு

கட்டடம் கட்டப் பணம் கேட்டால் கொங்கு நாட்டில் அநேகமாக எந்த ஊரிலும் கிடைத்துவிடும். ஒருவர் இடம் கொடுப்பார், ஒருவர் சிமென்ட் இறக்குவார், திறப்பு விழாவும் நன்றாகவே நடக்கும். இரண்டு வருடம் கழித்துக் கரண்ட் பில் கட்ட ஆளிருக்காது. பேப்பர் நின்றுபோகும், துப்புரவுக்கு வரும் அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி நிற்கும், ஒருநாள் பூட்டு விழும். நூலகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. அதனால் இங்கே பேசுவது ஒரே ஒரு பணத்தைப் பற்றி: கேட்காமலே ஒவ்வோர் ஆண்டும் வந்து சேரும் நடப்புச் செலவுப் பணம்.

நூலகம் யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பணம் போகும் பாதை இதைப் பொறுத்தே மாறும். மாவட்ட நூலக ஆணைக்குழு நடத்தும் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் ஆகியவை ஒரு வகை. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகங்கள் ஊராட்சியின் பொறுப்பு. நகரங்களில் புதிதாக வந்துள்ள அறிவுசார் மையங்களை மாநகராட்சியோ நகராட்சியோ நடத்துகிறது. மன்றமும் அறக்கட்டளையும் நடத்தும் படிப்பகங்கள் நான்காவது வகை.

ஆணைக்குழுவின் நூலகத்துக்கு நூலகர் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், அது அவருக்குத்தான் சிக்கல். மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதி, இன்ன கிளைக்கு, இன்ன செலவுக்கு என்று குறிப்பிட்டு, ஆணைக்குழுவின் பெயரில் காசோலையோ டிடியோ கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊர் பெயரைக் குறிப்பிடாமல் கொடுத்த பணம் மாவட்டப் பொதுக் கணக்கில் கலந்துவிடும். பொருளாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்க எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏறாத மேசை ஐந்தாறு வருடத்தில் எங்கே போனது என்றே தெரியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது?

இந்த ஒரு எண் இல்லாமல் யாரிடமும் போகாதீர்கள். குழுவோ ஊராட்சியோ நடத்தும் ஓர் ஊர் நூலகத்தை எடுத்துக்கொள்வோம், எண்களை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாலை நேரப் பொறுப்பாளருக்கு மாதம் 5,000 வீதம் ஆண்டுக்கு 60,000 ரூபாய். துப்புரவுக்கு மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. புதிய நூல்கள் 30,000. நாளிதழ் 12,000, வார மாத இதழ் 6,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 1,200 என்றால் 7,200. இணைய இணைப்பு 7,200. வெள்ளை அடிப்பது, கரையான் மருந்து, ஃபேன் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 12,000. பைண்டிங் 4,000. தணிக்கை, பதிவு புதுப்பித்தல் 8,000. எதிர்பாராத செலவு 9,600. மொத்தம் 1,80,000. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 493, ரவுண்டாக 500 ரூபாய்.

கரையான் மருந்தையும் தணிக்கைக் கட்டணத்தையும் பலர் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். முன்னதை விட்டால் அலமாரியோடு புத்தகம் போகும், பின்னதை விட்டால் வரிச்சலுகை போகும். மின் இணைப்பு எந்த வீதத்தில் ஓடுகிறது என்பதையும் ரசீதில் பாருங்கள். முன்பு கடையாக இருந்த அறை என்றால் வணிக வீதத்திலேயே பில் வந்துகொண்டிருக்கும், வீதத்தை மாற்றக் கேட்டு மின்வாரியத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

நூலக வரி: ஏற்கெனவே நாம் கட்டும் பணம்

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. அப்போது கல்வி அமைச்சர், திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். சட்டத்துக்குப் பின்னால் இருந்த மூளை எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கி நூலகம் நடத்தலாம் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் பிறந்தது. இன்று வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 600 ரூபாய் வீட்டு வரி கட்டுபவர் கூடவே 60 ரூபாய் நூலகத்துக்கும் கட்டுகிறார். வீட்டு வரி ரசீதைப் புரட்டிப் பாருங்கள், தனித் தலைப்பிலேயே இருக்கும்.

வசூல் செய்வது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. பணம் சேர வேண்டிய இடம் மாவட்ட நூலக ஆணைக்குழு. இடையில்தான் தேக்கம். வசூலான நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் உடனுக்குடன் அனுப்பாமல் தம் பொதுச் செலவில் ஓட்டிவிடுவது நெடுநாள் பழக்கம். சம்பளமும் தண்ணீர் மோட்டார் ரிப்பேரும் கழுத்தைப் பிடிக்கும்போது, கேட்க ஆளில்லாத பணம்தான் முதலில் கரையும். ஆகவே கேட்க ஆள் இருக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையோடு. கேள்வி நான்குதான்: கடந்த ஐந்து நிதியாண்டுகளில், ஆண்டுவாரியாக, நூலக வரியின் கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை) எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை எவ்வளவு (காசோலை நாளுடன்). ‘ஏன் செலுத்தவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். பதில் 30 நாளில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கையில் வரும் தாளைச் சண்டைக்குப் பயன்படுத்தாமல், மாவட்ட நூலக அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஒரே கடிதத்தில் இணைத்து அனுப்புங்கள். நிலுவையைக் கேட்டு வாங்க ஆணைக்குழுவுக்கும் அந்தத் தாள் உதவும்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் வரி உங்கள் ஊர் நூலகத்துக்கே திரும்பும் என்று சட்டம் சொல்லவில்லை, அது மாவட்டப் பொதுப் பணம். 1,500 வீடுள்ள ஊராட்சியில் சராசரி வரி 400 என்றால் கேட்பு ஆறு லட்சம், நூலக வரி 60,000. ‘எங்கள் ஊர் 60,000 கட்டுகிறது, எங்களுக்கு வரும் நாளிதழ் இரண்டு’ என்று எண்ணோடு கேட்கும் ஊருக்கே அடுத்த ஒதுக்கீட்டில் எடை கூடும். வரி வசூல் குறைவாக உள்ள ஊர் இப்படிக் கேட்க முடியாது. வரி கட்டச் சொல்லி ஊரில் பேசுவதும் நூலக வேலைதான்.

ஊராட்சி வரவு செலவில் ஒரு தனித் தலைப்பு

அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் 20-ஆவது பொருள் நூலகம். ஊராட்சி செலவழிக்க இடமில்லை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இடம் பிடிக்க அக்டோபர் 2 தான் சரியான நாள், மார்ச்சில் கேட்டால் எல்லாம் ஒதுக்கி முடிந்திருக்கும்.

வாயால் கேட்டால் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிக்கொள்வார்கள். தீர்மானத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள்:

“ஊராட்சி நூலகத்தின் மின்கட்டணம், நாளிதழ், துப்புரவு ஆகிய செலவுகளுக்காக ஆண்டுக்கு ரூ.40,000-ஐ ஊராட்சியின் பொது நிதியிலிருந்து, வரும் நிதியாண்டு முதல் ஒவ்வோர் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பில் ஒதுக்கவும், அதைக் காலாண்டுக்கு ரூ.10,000 வீதம் விடுவிக்கவும் இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

தொகை, நிதியின் பெயர், ‘ஒவ்வோர் ஆண்டும்’, காலாண்டு. இந்த நான்கில் எது விட்டுப்போனாலும் தீர்மானம் தாளோடு நின்றுவிடும். கிராம சபையில் நிறைவேறியது போதாது, ஊராட்சி மன்றக் கூட்டத்திலும் வைத்து, தீர்மான எண்ணோடு நகல் வாங்கி, வரவு செலவுத் திட்டத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். தலைவர் மாறினாலும் தனி அலுவலர் வந்தாலும் பேசப்போவது அந்த எண்தான்.

ஊராட்சிக்கு வரும் ஒன்றிய நிதிக்குழு மானியத்திலிருந்து பொறுப்பாளர் சம்பளம் கேட்காதீர்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தைச் சம்பளத்துக்குச் செலவிட விதியில் இடம் இல்லாமல் இருந்தது. சொந்த வருவாய் உள்ள ஊராட்சியா என்று பாருங்கள். வாரச் சந்தைக் குத்தகை, கடை வாடகை, ஆலைகளின் தொழில் வரி வரும் பல்லடம், பெருந்துறை, காங்கேயம் பக்கத்து ஊராட்சிகளில் பொது நிதியில் இடம் இருக்கும். சந்தை ஏலம் போகும் மாதம் தெரிந்தால், அந்தக் கூட்டத்திலேயே நூலகத்துக்கு ஒரு பங்கு கேட்கலாம்.

நாள் கட்டளை

கோயிலில் ஒரு நாள் பூசையை ஒரு குடும்பம் ஏற்பது நம்மிடம் வழிவழியாக உள்ளது. நூலகத்துக்கும் அதே முறை பொருந்தும், வேறு எந்தத் திட்டத்தையும் விட இது நீடிக்கிறது. ஒரு நாளின் செலவு 500 ரூபாய், ஒரு குடும்பம் ஆண்டில் ஒரு நாளை ஏற்றுக்கொள்கிறது. பிறந்த நாள், மண நாள், பெரியவர்களின் நினைவு நாள், பேத்தி பெரிய பரீட்சை பாஸான நாள், எதுவானாலும் சரி.

கேட்கும் விதம் முக்கியம். ‘நூலகத்துக்கு நன்கொடை கொடுங்க’ என்றால் கையில் இருக்கும் நூறு ரூபாய் வரும், அதோடு சரி. ‘அண்ணா, நூலகம் ஒரு நாள் நடக்க ஐநூறு ரூபாய் ஆகுதுங்க. அப்பாவோட நினைவு நாளை உங்க பேர்ல எழுதிக்கட்டுங்களா?’ என்று கேளுங்கள். தொகை தெளிவு, நாள் தெளிவு, மறுவருடம் மீண்டும் வர ஒரு காரணமும் அதிலேயே இருக்கிறது.

ஒரு நீள நோட்டில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை நாளுக்கு ஒரு வரி போடுங்கள். நாள், குடும்பத்தின் பெயர், செல் எண், எந்த நிகழ்வு, எத்தனை ஆண்டுக்கு, ரசீது எண். நினைவு நாளைச் சிலர் திதியாகச் சொல்வார்கள். திதி ஆண்டுதோறும் நகரும், இரண்டு குடும்பம் ஒரே நாளில் மோதும். அவர்கள் சம்மதத்தோடு ஆங்கிலத் தேதியில் எழுதுங்கள். பத்து நாள் முன்னதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி, அன்று காலை வாசல் பலகையில் ‘இன்றைய நூலகச் செலவு: இன்னார் குடும்பத்தார்’ என்று சாக்பீஸில் ஒரு வரி, அதைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புவது. பலகைப் படம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் கைக்குப் போகும்போதுதான் மறு ஆண்டும் உறுதியாகிறது.

இரண்டாம் ஆண்டில்தான் இந்தத் திட்டம் சரியும். முதல் ஆண்டு உற்சாகத்தில் எழுதியவர்களை மறுபடி போய்ப் பார்க்க ஆளிருக்காது. அதற்காக எழுதும்போதே ஐந்தாண்டுக்கு 2,500 ரூபாய் என்று வாங்கப் பாருங்கள். வாங்கிய 2,500-ஐ அந்த ஆண்டே செலவழித்துவிடாமல் ஆண்டுக்கு 500 மட்டும் எடுங்கள். 365 நாளும் நிறையும் என்று கணக்குப் போட வேண்டாம். 120 நாள் நிறைந்தால் 60,000, ஒரு நடுத்தர ஊருக்கு அது நல்ல இலக்கு.

கேட்கும் பருவமும் உண்டு. மஞ்சள் விவசாயியிடம் ஆடியில் போகாதீர்கள். மாசி, பங்குனியில் சரக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் போய்ப் பணம் வந்திருக்கும். பனியன் கம்பெனி, விசைத்தறித் தொழிலாளர்களிடம் தீபாவளி போனஸ் வாரம். தென்னந்தோப்புக்காரர்களுக்கு அவரவர் வெட்டு முறை. முதலாளிகளைத் தீபாவளி வாரத்தில் பார்க்கவே பார்க்காதீர்கள், போனஸ் கொடுத்துக் கை காலியாக இருப்பார்கள்.

வைப்பு நிதி

பீளமேட்டு பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926-இல் சொத்தை ஐந்து பங்காக்கி ஒரு பங்கை அறத்துக்கு எழுதிவைத்தார்கள். நூறு வருடம் ஆகியும் நடக்கிறது என்றால் காரணம், முதல் தொகையைத் தொடாத ஏற்பாடு. நூலகத்துக்கும் சிறிய அளவில் அதுதான் வேண்டும்.

முழுச் செலவையும் வட்டியிலேயே எடுக்கலாம் என்று இறங்காதீர்கள். 6.5 சதவீத வட்டியில் 1,80,000 வர 27 லட்சத்து 70 ஆயிரம் போட வேண்டும், அதற்குள் குழு சோர்ந்துவிடும். எந்த நிலையிலும் நிற்கக் கூடாத செலவு இரண்டு: பொறுப்பாளர் சம்பளம், கரண்ட் பில். இரண்டும் சேர்ந்து 67,200. வரும் வட்டியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் செலவழித்து, ஒரு பங்கை முதலோடு சேர்த்தால்தான் விலைவாசிக்கு ஈடு கொடுக்கும். அப்படியானால் ஆண்டு வட்டி 1,00,800 வேண்டும், முதல் சுமார் பதினைந்தரை லட்சம். ஐந்தாறு ஆண்டில் சேர்க்கக்கூடிய தொகைதான். வட்டி இறங்கும் ஆண்டுக்காக ஆறு மாதச் செலவான 90,000-ஐத் தனியாக வையுங்கள்.

முதலாகக் கொடுப்பவரிடம் ‘இத்தொகை வைப்பு நிதிக்கு, முதலைச் செலவிடக் கூடாது’ என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். கடிதம் இல்லாவிட்டால் வருமான வரிக் கணக்கில் அது அந்த ஆண்டு வருமானம். வைப்பு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கியில் மட்டுமே இருக்கட்டும். ஊரில் கூடுதல் வட்டி தருகிறேன் என்று நிதி நிறுவனமோ சீட்டுக்காரரோ சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். சட்டமும் அனுமதிக்காது, போனால் திரும்பியும் வராது.

வெளிநாட்டில் இருப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவரது சொந்தப் பணத்தை வங்கி வழியாக வாங்கலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய தனிப் பதிவு இல்லாமல் தொடாதீர்கள்.

ஆலைகள், கம்பெனிகள்

கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்பு நிதி எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே பொது நூலகம் அமைப்பது சேர்ந்திருக்கிறது, மனுவில் அதைச் சுட்டுங்கள். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு வருமான வரிப் பதிவு, 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு), சிஎஸ்ஆர்-1 (சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான பதிவு), மூன்றாண்டு நடப்பு அனுபவம் எல்லாம் வேண்டும். புதிதாகத் தொடங்கிய மன்றம் முதல் மூன்றாண்டு இந்த வாசலைத் தட்டுவது வீண். கம்பெனிகள் ஆண்டுத் திட்டத்தை ஏப்ரல், மே மாதத்தில் போடுகின்றன, அப்போது போங்கள்.

சோமனூர்த் தறிக்காரரிடமும் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டிலும் போய் இந்த நிதியைக் கேட்டால் அவர் சங்கடப்படுவார், அந்த வரம்புக்குள் அவர் வரமாட்டார். அவரிடம் மாதம் 1,000 ரூபாய், வங்கியில் தானாகக் கழியும்படி கேளுங்கள். கொடுப்பவர் தனிநபரானால் பழைய வரி முறையில் இருந்தால்தான் 80ஜி சலுகை பயன்படும், ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தாலும் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வராது.

ஒருமுறை வரும் பணம்

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதி அரசு தரும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, மக்களவை உறுப்பினருக்கு 5 கோடி தொகுதி நிதி உண்டு. எல்லாமே கட்டடம், கூடுதல் அறை, சுற்றுச்சுவர் போன்றவற்றுக்குத்தான், சம்பளத்துக்கு ஒரு பைசா வராது. வாங்குங்கள். ஆனால் வாங்கும் ஒவ்வொன்றும் நடப்புச் செலவை எவ்வளவு ஏற்றும் என்று பாருங்கள். இலவசமாக வந்த ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 312 யூனிட். கொடுப்பவரிடமே ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேட்பது நியாயம்தான், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஆணைக்குழுவின் நூலகமானால் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகும் முறை இருக்கிறது. வாசகர் வட்டம் ஆண்டுக்குப் பத்துப் புரவலரைச் சேர்த்தாலே அந்த நூலகம் மாவட்ட அலுவலகத்தின் கண்ணில் நிற்கும்.

கணக்கு

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணில் வாங்கத் தொடங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் ஓராண்டில் பேச்சு கிளம்பும், பேச்சு கிளம்பினால் வரவு நிற்கும். மூவரில் இருவர் கையெழுத்து, ஏடிஎம் கார்டு வேண்டாம், நூலக வாசலில் கணக்கின் க்யூஆர் அட்டை. சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். பத்திரத்தில் நூலகம் மூடப்பட்டால் சொத்தும் முதலும் யாருக்குப் போகும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும், பங்காளிச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, சென்ற மாத வரவு செலவை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மார்ச் 31-இல் கணக்கு முடித்து, மே 31-க்குள் நன்கொடையாளர் விவர அறிக்கையை இணையத்தில் தாக்கல் செய்து, அதிலிருந்து வரும் சான்றிதழை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். இதற்காக ரசீது எழுதும்போதே பான் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள், மே மாதம் தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். 80ஜி பதிவு முடியும் நாளை நாள் கட்டளை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே புதுப்பிக்க மனுப் போடுங்கள்.